கயிறு கட்டும் வரை

பிரகாசி மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மேல்தளத்துக்கு வந்து, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் இரண்டைப் பிடித்து, கப்பல்காரர்கள் கொடுத்த நீலக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி, ரெமிஜியூஸின் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை நுழைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிவிட்டாள். இது நல்லதற்கில்லை என்று ரெமிஜியூஸ் நினைத்தார். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அவர் கையைத் தொட்டது கோயிலில் மோதிரம் மாற்றியபோதுதான், அதுவும் சாமியார் சொன்னதால். தூத்துக்குடி ரயிலடிக்கு வழியனுப்ப வருவாள். எட்டு மாதமோ பத்து மாதமோ பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாளே தவிர கையை நீட்டமாட்டாள். வண்டி நகரும்போது, "ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டாதிய" என்பாள், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவள் இந்தப் பயணம் தொடங்கிய நாளிலிருந்து கிடைத்த இடத்திலெல்லாம் கையைப் பிடிக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் பிடிக்கிறாள். நேப்பிள்ஸில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பிடித்தாள். காலையில் அவர் கண் விழிக்கும்போதே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வயதான காலத்தில் பாசம் பொங்குகிறது என்று வேறு யாராவது பூரித்துப்போகலாம். ரெமிஜியூஸ் பூரிக்கிற ஆள் இல்லை. வழக்கத்தில் இல்லாத ஒன்று தொடர்ந்து நடந்தால் எங்கேயோ எதுவோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயுசில் பாதிக்கு மேல் கப்பல் எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கப்பலிலும் எதுவோ சரியில்லை. நாற்காலிக் காலின் வழியாக ஏறிவருகிற அதிர்வில் ஒரு சின்ன நொண்டல் இருக்கிறது, இடதுபக்கச் சுழலித் தண்டில் என்று அவருக்குச் சந்தேகம். பயணம் தொடங்கியதிலிருந்து அதைக் காலால் கேட்டுக்கொண்டே வருகிறார். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் பயணிகளைக் கீழே விடமாட்டார்கள். வேடிக்கைதான். வேலை பார்த்த காலமெல்லாம் கீழேதான் கிடந்தார், கடல்மட்டத்துக்குக் கீழே, சத்தத்திலும் சூட்டிலும். உலகத்தில் அவர் போகாத துறைமுகம் இல்லை, பார்த்த துறைமுகமும் இல்லை. இன்று சாயங்காலம் போய்ச்சேரப்போகிற ஜெனோவாவுக்கே வாலிபத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். மேலேயிருந்து மணியடித்து வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள், பிறகு நிறுத்தச் சொல்வார்கள், அதுதான் ஜெனோவா. சீஃப் எஞ்சினியராக ஓய்வுபெற்ற வருஷம், "இத்தனை நாள் நீங்க கொண்டுவிட்ட ஊரையெல்லாம் ஒருதரம் மேல நின்னு பாத்துட்டு வருவோம்" என்று ஆரம்பித்ததே பிரகாசிதான். அதிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து, கேக்கெல்லாம் தீர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் டிக்கெட் மலிவு, கூட்டமும் இல்லை. வெள்ளைக்காரக் கிழவர்கள் கம்பளிக்குள் தூங்குவார்கள். கடல் சாம்பல் பூத்துக் கிடக்கும். இவர்கள் இரண்டு பேரும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஒவ்வொரு துறைமுகத்தையும் முறைத்துப் பார்ப்பார்கள். நன்றாகத்தான் இருந்தது. இந்த வருஷம் அவளே வேண்டாம் என்றாள். "ஒரு வருஷம் சும்மாதான் இருப்போமே." ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றாள். சும்மா என்று ஒரு காரணம் உலகத்தில் கிடையாது. எஞ்சின் சும்மா சூடாகாது. இவர் பிடிவாதம் பிடித்தார், அவள் ஒருநாள் பூராவும் யோசித்துவிட்டு, சரி போவோம் என்றாள், அதுவும் சட்டென்று, கப்பல் எது, அறை எது என்று வழக்கம்போல வாதாடாமல். அந்தச் சரி இவருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் அந்த மதுரை ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. நவம்பரில் பிரகாசிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தையல் டீச்சராக இருந்தவள், துணிக்குள் ஊசி கிடந்தாலே விரலால் கண்டுபிடித்துவிடுவாள், கட்டியையா விடப்போகிறாள். தூத்துக்குடியில் காட்டினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மதுரைக்குப் போனார்கள். போகிறதே போகிறோம் என்று இவருடைய நெஞ்சையும் காட்டிவிடுவோம் என்றாள். இவருக்கு ஒன்றுமில்லை, மாடிப்படி ஏறும்போது ஒரு தடவை கண் இருட்டியது, அன்று காலையில் வெறும் வயிறு, அவ்வளவுதான். அவளுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், இவருக்கு ஜெல்லைத் தடவி நெஞ்சுக்குள் படம் பார்த்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிடவும் கீழே காவல்காரன் விசிலடிக்கவும் சரியாக இருந்தது. இவர் காரை யாரோ ஒருவருடைய காருக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். "நீ போ, இந்தா வந்துட்டேன்" என்று இறங்கி ஓடி, வண்டியை எடுத்து, வேறு இடம் தேடி, காவல்காரனோடு இரண்டு வார்த்தை சண்டையும் போட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், படிக்கட்டு முனையில் பிரகாசி நிற்கிறாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம். உங்களுக்கு வாயுதானாம். எனக்கு வெறும் கொழுப்புக் கட்டியாம். வாங்க, பசிக்குது." இவ்வளவையும் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கண்ணாடியில் ஒரு தூசும் இல்லை. ரெமிஜியூஸ் அதைப் பார்த்தார். தன்னைப் பற்றிச் சொன்னதை அப்போதே நம்பினார், தனக்கு வாயு என்று அவருக்கே தெரியும். அவளைப் பற்றிச் சொன்னதை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை நம்பவில்லை.

சூப் வந்தது. பிலிப்பைன்ஸ்காரப் பணிப்பெண் ஒருத்தி தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். பிரகாசி கண்ணைத் திறந்து, கையை எடுத்து, தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, அவருடைய கிண்ணத்திலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உப்பு கூடுதல். நீங்க குடிக்காண்டாம்" என்று அவருடையதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எனக்கு உப்பு புடிக்கும்லா" என்றார். "எனக்குப் புடிக்கல. நான் சாப்பிடாததை நீங்க மட்டும் சாப்பிடுவியளா?" பணிப்பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இதுவும் ஒன்று. வருஷா வருஷம் பெட்டியில் இரண்டு பாட்டில் இறால் ஊறுகாய் வரும். உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்று நாக்கு செத்துப்போகிற நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறப்பார்கள், வாசனை நடைவழி முழுக்கப் பரவும். இந்த வருஷம் ஊறுகாய் இல்லை. கஸ்டம்ஸில் பிடிக்கிறார்களாம். எந்தக் கஸ்டம்ஸ்காரன் இறால் ஊறுகாயைப் பிடித்தான்? அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள். மீன்கறியில் உப்பு கம்மி என்று அவருடைய தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டையே குறை சொன்னவள், உப்பில்லாத வெந்த கேரட்டை மாடு மாதிரி மென்றுகொண்டிருக்கிறாள். அது பத்தியம்தான். சந்தேகமே இல்லை. ஒரு வியாதிக்குத்தான் பத்தியம் இருப்பார்கள், ஆசைக்கா இருப்பார்கள். ஒன்றுமில்லாத கொழுப்புக் கட்டிக்கு எதற்குப் பத்தியம்?

அப்புறம் அந்த முட்டிவலி. படியில் கால் வைக்கமாட்டேன் என்கிறாள், ஒரு தளம் ஏறுவதற்குக்கூட லிஃப்ட். வெளியே நடந்தால் பெஞ்சைக் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்துவிடுகிறாள். "முட்டி பிடிக்குது, நீங்களும் உக்காருங்க, என்ன அவசரம்?" சரி, வயசாகிவிட்டது, முட்டிவலி வராதா என்று விட்டுவிடலாம். ஆனால் முந்தாநாள் இவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டுபோனது. பிரகாசி மடக்கென்று முழங்கால் போட்டு, தலையைத் தரையோடு வைத்து, கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துப் பொத்தானை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். எடுத்த பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்ததும், "லிஃப்ட்ல போவோம், முட்டி முடியல" என்றாள். ஆக வலி முட்டியில் இல்லை. மூச்சில் இருக்கிறது. மார்பில் வருவது அடுத்து நுரையீரலுக்குத்தான் போகும் என்று எங்கேயோ படித்திருக்கிறார், எங்கே என்று நினைவில்லை, படிக்காமல் இருந்திருக்கலாம். நடக்க மூச்சு போதவில்லை, அதைச் சொல்ல மனசில்லை, முட்டி என்று ஒரு திரையைப் போட்டுவிட்டாள். இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் அவருக்கே நெஞ்சில் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. காலில் ஷூ இறுக்கியது. குளிரில் தோல் சுருங்கும், எல்லாப் பொருளும் குளிரில் சுருங்கும், அவருக்குத் தெரியாதா. இரண்டு நாளைக்கு முன்னால்தான் பிரகாசி அவருக்கு ஒரு சுற்றுப் பெரிய ஷூவாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தாள். அதுவும் சாயங்காலமானால் இறுக்குகிறது. மட்டமான தோல்.

கம்பளிக்கடியில் அவள் கை மறுபடி வந்து மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். பாவம், பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கேட்கலாம். கேட்டால் சொல்லமாட்டாள், கடலில் இருக்கிறவரை சொல்லவேமாட்டாள். அவர்கள் தெருவில் பிறந்த எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டாள். கடலுக்குப் போனவனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது. கேட்டுவிட்டு அவன் எங்கே போவான்? சுற்றித் தண்ணீர், நடுவில் இரும்பு, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். வேலையில் கவனம் தப்பினால் கையோ காலோ போகும். அதனால் வீட்டில் எது நடந்தாலும் அவன் வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒரு வார்த்தை வெளியே வராது. ரெமிஜியூஸின் அப்பா செத்தபோது இவர் பிரேசில் பக்கம் இருந்தார். துறைமுகத்திலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா என்ன செய்றாவ?" என்று கேட்பார். "தூங்குறாவ" என்பாள் பிரகாசி. ஒவ்வொரு போனுக்கும் தூங்கினார். வீட்டுக்கு வந்து, குளித்து, சீலா மீன் குழம்பில் இரண்டாவது தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக் கைகழுவின பிறகு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். அதற்கும் முன்னால் முதல் பிள்ளை. ஒரு வாரம்கூடத் தங்காத அந்தப் பிள்ளையின் சேதியும் அப்படித்தான், குளித்த பிறகு, சாப்பிட்ட பிறகு. அப்போது அவளுக்குக் கண்ணாடி கிடையாது, சேலைத் தலைப்பை மட்டும் திருகிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கோபித்ததில்லை. தெருவே அப்படித்தான். கப்பல் கரையைத் தொடுகிறவரை மட்டுமில்லை, கயிறு போட்டுக் கட்டுகிறவரை அவன் கடலில் இருப்பதாகத்தான் கணக்கு. அதனாலோ என்னவோ, மற்ற மாலுமிகளெல்லாம் ஊர் வரப்போகிறது என்று சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்கிற நேரத்தில் இவர் மட்டும் மேலே ஏறாமல் எஞ்சின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அதே கணக்குதான் இப்போதும் ஓடுகிறது. இவருக்குச் சம்பளம் தருகிற கப்பல் இல்லையே, காசு கொடுத்து ஏறின கப்பல்தானே என்றால் அவளுக்கு அது பொருட்டில்லை, கடல் கடல்தான். முந்தின வாரம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஷார்ஜாவில் இருக்கிற மகள் லிடியாவோடு பேசினாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க இவர் என்ன பச்சைப்பிள்ளையா? எஞ்சின் இரைச்சலுக்குள்ளே ஒரு வால்வு தப்பாகத் தட்டுவதைத் தனியாகப் பிரித்துக் கேட்ட காது. "அப்பாகிட்ட நீ ஒண்ணும் கேக்காத. கப்பல்ல இருக்கையில வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்பது சுத்தமாகக் காதில் விழுந்தது. வெளியே வந்தவள் முகத்தைக் கழுவியிருந்தாள். "யார்கிட்ட பேசின?" என்று கேட்டார். "லிடியாகிட்ட. அவளுக்குச் சாம்பார் பொடி தீந்துபோச்சாம்." சாம்பார் பொடிக்கா முகம் கழுவுவார்கள்? ஏறின முதல் நாளே கப்பல் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய் அங்கே யாரோடோ வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். கடல் மயக்கத்துக்கு மாத்திரை வாங்கப் போனாளாம். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, கைக்குழந்தையிலேயே வள்ளத்தில் கிடந்து தூங்கினவளுக்குக் கடல் மயக்கம். அவளுடைய மருந்து டப்பா இந்தத் தடவை வீங்கிப்போய் இருக்கிறது. அதிலிருந்துதான் இவருக்கும் காலையில் காப்பியோடு இரண்டு மாத்திரையைப் பிரித்துக் கையில் போடுகிறாள், குளிர்தேசத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் போடவேண்டியதாம்; சிறுநீர்தான் அடிக்கடி போகிறது, குளிருக்குப் போகத்தானே செய்யும். மற்ற மாத்திரைப் பட்டையெல்லாம் யாருக்கு? அவளுக்குத்தான். பழைய கடிகாரம் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனது, வருஷக்கணக்காகப் பீரோவில் கிடந்ததைத் தேடியெடுத்துப் புது பாட்டரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். போகிற காலத்தில் பழைய பொருளின் மேல் ஆசை வரும் என்பார்கள். போட்டோ எடுக்கிறாள், எடுத்துக்கொண்டே இருக்கிறாள், எல்லாம் இவரை மட்டும். "நீயும் வந்து நில்லு" என்று கூப்பிட்டால், "என்னைய எதுக்கு, நீங்க நில்லுங்க" என்கிறாள். மெலிந்துபோன உடம்பு படத்தில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள். ஆனால் மெலியத்தான் இல்லை. வளையலைப் பார்த்தார், எப்போதும் போலக் கையை இறுக்கிக்கொண்டு கிடந்தது. மேலே தள்ளி மாட்டியிருக்கிறாள், கெட்டிக்காரி.

கப்பலின் வேகம் குறைந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, ரெமிஜியூஸின் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. அந்த நொண்டலும் மெதுவாக நொண்டியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் சாம்பல் வானத்துக்கடியில் ஒரு கரை, மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், சிலவற்றில் விளக்கு போட்டாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அலைதடுப்புச் சுவர், பிறகு இழுவைப்படகு, பிறகு கயிறு. நாளைக்கு விமானம். நாளைக் கழித்து வீடு. குளித்து, சாப்பிட்டு, கைகழுவி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நிற்பாள், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நின்ற மாதிரி தன்னுடைய சேதிக்கும் தானே வந்து நிற்பாள். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. அவர் இல்லாமல் அவள் அந்த வீட்டில் பாதி ஆயுசு இருந்திருக்கிறாள், அவளுக்கு அது பழக்கம், இவருக்குப் பழக்கமில்லை. கியாஸ் அடுப்பை எப்படி அணைப்பது என்று தெரியும், பால்காரன் பெயர் தெரியாது. எந்தக் கப்பலிலிருந்து எப்போது இறங்கினாலும் கதவைத் திறக்க அவள் இருந்தாள், அதை ஒரு ஏற்பாடு மாதிரி நினைத்து அவர் வாழ்ந்துவிட்டார். பயமாக இருந்தது. எஞ்சின் அறையில் தீப்பிடித்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. வீட்டுக்குப் போகிறவரை பொறுக்க முடியாது, கயிறு கட்டுவதற்குள் கேட்டுவிடவேண்டும், கடலில் வைத்தே சொல்லட்டும், ஒரு தடவையாவது ஒரு சேதியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுமக்கட்டும்.

"பிரகாசி."

"ம்."

"மதுரையில டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "சொன்னேம்லா. ஒண்ணுமில்லைன்னாரு."

"என்னைய நேரா பாத்துச் சொல்லு. உனக்கு என்ன?"

"எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன். சும்மா இருங்க, பேசாம இருங்க கொஞ்ச நேரம்."

அவள் எரிந்து விழுந்த விதம் விசித்திரமாக இருந்தது. மறைக்கிறவள் குரல் அடங்கும், இது அடங்கவில்லை, குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்கிற மாதிரி இருந்தது, தையல் வகுப்பில் எண்ணிக்கொண்டே பின்னல் போடும்போது பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் எரிந்து விழுவாள். திரும்பி அவளைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார், தனக்காக மாதாவிடம் மன்றாடுகிறாள் என்று. கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்ததும் தப்பு. இமை தாழ்ந்திருந்தது, பார்வை இடது கையில் இருந்தது, அந்தப் பழைய கடிகாரத்தில், நொடிமுள் ஓடுகிற இடத்தில். ஜெபமாலைக்கு எதற்குக் கடிகாரம்? அப்போதுதான் அவர் தன் மணிக்கட்டைக் கவனித்தார். ஆசையாகப் பிடிக்கிற கை உள்ளங்கையால் பிடிக்கும். இது உள்ளங்கை இல்லை. மூன்று விரல்கள், வரிசையாக, மணிக்கட்டின் உட்பக்கத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, அழுத்தியும் அழுத்தாமலும். இந்தத் தொடுதல் அவருக்குத் தெரியும். எண்ணெய்க் குழாயின் மேல் அவர் விரல் வைப்பது இப்படித்தான், உள்ளே ஓட்டம் ஒழுங்காக இருக்கிறதா, தட்டுத் தடுமாறுகிறதா என்று பார்ப்பதற்கு. இளசுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மீட்டர் முள்ளை நம்பாதே, விரலை நம்பு என்று. அவள் அவருடைய நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழிக்கும்போது எண்ணினாள். சாப்பாட்டு மேஜையில் எண்ணினாள். நேப்பிள்ஸில் ஒரு சின்ன ஏற்றம் ஏறி வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எண்ணினாள்.

முதலில் வந்தது சந்தோஷம். இதை அவர் பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் தன்னைப் பற்றிச் சொன்னதுதான் நிஜம், வெறும் கொழுப்புக் கட்டி, அவள் இருப்பாள், வளையல் கையை இறுக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்பாள். பெரிய பாரம் ஒன்று இறங்கின மாதிரி மூச்சை இழுத்துவிட்டார், விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஒவ்வொன்றாக வந்து தன் தன் இடத்தில் உட்கார ஆரம்பித்தது. உப்பில்லாத சூப் அவருக்கு. அவளுக்கு ஒரு பத்தியமும் இல்லை, அவர் தனியாகத் தின்னக்கூடாதென்று கூடச் சேர்ந்து தின்றாள். முட்டிக்கு ஒன்றுமில்லை, படி ஏறக்கூடாதது அவர். பெஞ்சில் உட்காரவேண்டியது அவர். ஷூவில் தோல் சுருங்கவில்லை, கால் வீங்கியிருக்கிறது. மாத்திரை குளிருக்கில்லை. ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரித்து வைத்தது அவருக்காக. படங்களெல்லாம் அவரை மட்டும் எடுத்தது, அது எதற்கென்று நினைக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் நினைத்தார். பயணம் வேண்டாம் என்றவள் ஒருநாள் யோசித்துவிட்டு வாதாடாமல் சரி என்றாளே, அந்த ஒருநாளில் டாக்டரிடம் கேட்டிருப்பாள், ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார், இந்த மாதிரிச் சமயத்தில் டாக்டர்கள் அதைத்தானே சொல்வார்கள். தன் நெஞ்சைப் பற்றி அவள் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார், முள் காட்டுவதை நம்பாதவர், ஆயுசில் ஒரே ஒரு தடவை நம்பினார். காவல்காரனோடு சண்டை போட்டு இரைக்க இரைக்கப் படியேறி வந்தவரைப் பார்த்துத்தான் அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

அலைதடுப்புச் சுவர் தாண்டியாகிவிட்டது. கடல் அசைவதை நிறுத்திக்கொண்டு குளம் மாதிரி ஆனது. கிழவர்களும் கிழவிகளும் கம்பளிகளை உதறி எழுந்து பைகளைத் தேடினார்கள். பிரகாசி விரல்களை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். என்ன எண்ணிக்கை வந்ததோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; இதற்கு முன்னால் அந்த முகத்தில் அவர் தேடினதெல்லாம் அவளுடைய சாவை, இப்போது எதைத் தேடுவது என்று தெரியாமல் பார்த்தார். "என்ன அப்படிப் பாக்கிய? எந்திரிங்க, ஊர் வந்தாச்சு" என்றாள். கேட்டுவிடலாம். எத்தனை நாள் என்று கேட்டால், பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்து சொல்லிவிடுவாள், இங்கேயே, நின்ற நிலையில். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. மகளிடம்கூட அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து சாம்பார் பொடி என்று சொன்னவள். இந்தச் சேதியைக் கரைசேர்க்கிறவரை இவர் சிரிக்கவேண்டும், மலையில் விளக்கைப் பார்க்கவேண்டும் என்று வெந்த கேரட்டைத் தின்றவள். கேட்டால் அத்தனையும் வீணாகிவிடும் என்று தோன்றியது. கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தார். கரையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கயிற்றுக்காகக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கயிறு போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அப்ப என்ன அவசரம்? உக்காரு. எல்லாரும் இறங்கட்டும், நாம கடைசியாப் போவோம்."

பிரகாசி உட்காரவில்லை. இத்தனை வருஷத்தில் கப்பலில் இருந்து கடைசியாக இறங்குவோம் என்று சொன்ன மனுஷன் இல்லை அவர். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள், நெற்றியை, உதட்டை, கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஷூவை. "என்ன செய்யுது? நெஞ்சு கிஞ்சு கரிக்குதா?" என்று கேட்டாள், வாயுவைப் பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாக. குரல் அடங்கிவிட்டது. இப்போது சந்தேகம் அவள் முறை.

"எனக்கு ஒண்ணுமில்ல, வாயுதான். உனக்குத்தான் முட்டி முடியலியே" என்றார் ரெமிஜியூஸ். "லிஃப்ட்ல கூட்டம் குறையட்டும். மெதுவாப் போவோம்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், தலைப்பைத் தேடினாள். அதைத் துடைக்க விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு, மணிக்கட்டை உட்பக்கம் மேலே தெரியும்படித் திருப்பி, அவள் நாற்காலிப் பக்கமாக நீட்டினார்.

"கை குளிருது. பிடிச்சுக்கோ" என்றார்.

பிரகாசி உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கடலையும் பார்க்காமல், கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று விரல்களும் வந்து அந்த இடத்தைத் தொட்டன, எழுந்தன, அங்கேயே படுத்துக்கொண்டன. மறுகையில் கடிகாரம் கம்பளிக்குள் கிடந்தது, அதை அவள் வெளியே எடுக்கவில்லை. கீழே கயிறு விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருமே அது காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.